தொகை ஏறவில்லை, வரி ஏறியது: ஓர் ஆங்கிலக் கிராமத்தின் பாரிஷ் கணக்கு

இங்கிலாந்தின் தெற்கே ஒரு கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலில் 2023 நவம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர் யாருக்கும் அடையாளம் தெரிய வேண்டாம் என்பதால் பெயர்களை விட்டுவிட்டேன், எண்களைக் கொஞ்சம் வட்டமாக்கியிருக்கிறேன். நான் அந்தக் கவுன்சிலில் உறுப்பினர். நடந்த பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

லண்டனை விட்டு இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், வீட்டுக்கு வீடு கட்டும் உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் பில்லில் பழக்கமில்லாத ஒரு வரி தெரிந்தது: பாரிஷ் கவுன்சில். ஹாரோவில் இருக்கும் நண்பனிடம் போனில் சொன்னபோது, "பாரிஷா? சர்ச்சுக்கா வரி கட்டுறே?" என்று சிரித்தான். அவன் கேட்டதில் தப்பில்லை. லண்டனில் பாரிஷ் கவுன்சில் என்றால் 2014இல் உருவான குவீன்ஸ் பார்க் ஒன்றுதான். அங்கே பல ஆண்டுகள் இருந்தும் இந்தச் சொல்லையே கேட்காத தமிழர்கள் நிறைய. நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குப் 'பங்கு' என்றால் கோயில், பங்குத்தந்தை. இங்கே நான் சொல்லும் பாரிஷ் அது அல்ல. 1894ஆம் ஆண்டுச் சட்டம் சர்ச்சிடமிருந்து பிரித்து உருவாக்கிய அடிமட்ட உள்ளாட்சி இது. கிட்டத்தட்ட நம் ஊராட்சி மன்றம் மாதிரி, ஆனால் அதிகாரமும் பணமும் அதைவிடக் குறைவு. விளையாட்டுத் திடல், பஸ் நிழற்குடை, இடுகாடு, சமூகக் கூடம், சில தெருவிளக்குகள், நாய்க்கழிவுத் தொட்டிகள் ஆகியவைதான் எங்கள் சாம்ராஜ்யம். உறுப்பினர்கள் ஒன்பது பேர், யாருக்கும் சம்பளம் இல்லை. சம்பளம் வாங்குபவர் கிளார்க் ஒருவர் மட்டும், அதுவும் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு.

தேர்தலில் நிற்க ஆள் இல்லாமல் ஒரு இடம் காலியாக இருந்தது. கணக்கு வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் நிதிக் குழுவும் என் தலையில் வந்தது.

வரி எப்படிக் கணக்காகிறது

கவுன்சில் டாக்ஸ் 1993 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த 'போல் டாக்ஸ்' கலவரத்தில் முடிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். புதிய வரி வீட்டின் மதிப்பை வைத்தது. ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலை போயிருக்கும் என்று பார்த்து, ஏ முதல் ஹெச் வரை எட்டு பேண்டுகளில் ஒன்றில் போட்டார்கள். அன்று 68,000 பவுண்டுக்கு மேல் 88,000 வரை என்றால் டி. ஹெச் என்பது 3,20,000க்கு மேல். இங்கிலாந்தில் இன்றுவரை அந்த மதிப்பை யாரும் திருத்தவில்லை. போன வருடம் கட்டிய வீட்டுக்கும் 'இது 1991இல் இருந்திருந்தால்' என்ற கற்பனை விலைதான்.

டி பேண்ட் வீட்டை ஒன்று என்று வைத்தால், ஏ பேண்ட் ஒன்பதில் ஆறு பங்கு, ஹெச் இரண்டு மடங்கு. ஊரில் உள்ள எல்லா வீடுகளையும் இப்படி டி வீடுகளாக மாற்றி, தள்ளுபடி, விலக்கு எல்லாம் கழித்து, வசூலாகாமல் போகக்கூடியதற்கும் சிறிது கழித்தால் வருவது வரித்தளம். உதாரணமாக, ஒன்பதில் எட்டு பங்கான சி பேண்ட் வீட்டில் தனியாக இருப்பவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி. எட்டு பங்கில் கால்வாசி போனால் ஆறு பங்கு, ஆக அந்த வீடு மூன்றில் இரண்டு வீடாகத்தான் கணக்கில் வரும். இந்த வரித்தளத்தை ஒவ்வொரு பாரிஷுக்கும் தனித்தனியாகப் போடுவது மாவட்டக் கவுன்சில். நவம்பர் 30 நிலவரத்தை அடிப்படையாக வைத்து, டிசம்பர் 1க்கும் ஜனவரி 31க்கும் நடுவில் அதை முடிக்க வேண்டும். வரும் ஆண்டில் கட்டி முடியும் என்று எதிர்பார்க்கும் வீடுகளையும் ஓர் உத்தேசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த 'உத்தேசம்' பின்னால் வரும்.

பாரிஷ் செய்வது ஒன்றே ஒன்று: அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று தீர்மானித்து மாவட்டத்துக்கு எழுதி அனுப்புவது. அதற்குப் பெயர் பிரிசெப்ட். அந்தத் தொகையை அந்தப் பாரிஷின் வரித்தளத்தால் வகுத்தால் டி பேண்ட் வீட்டுக்கான பாரிஷ் வரி வந்துவிடும். மாவட்டத்துக்கு மேலே உள்ள கவுன்டி கவுன்சில், போலீஸ், தீயணைப்புத் துறை ஆகியவையும் இப்படித்தான் கேட்கும். மாவட்டம் எல்லாவற்றையும் கூட்டி, மார்ச் 11க்குள் முழுக் கவுன்சில் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அந்தக் கூட்டத்தைப் பார்வையாளர் இருக்கையில் இருந்து ஒருமுறை பார்த்தேன். ஐம்பதுக்கு மேல் பாரிஷ்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு பேண்டுகள், நானூறு எண்களுக்கு மேல் உள்ள பின்னிணைப்பு. அதை ஒருவரும் படிக்கவில்லை, கை மட்டும் தூக்கினார்கள். தூக்குமுன் ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது: இரண்டு மாதத்துக்கு மேல் தன் சொந்த வரியைப் பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் இதில் வாக்களிக்கக் கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி அது.

பில்லில் மாவட்டத்தின் பெயர் பெரிதாக இருப்பதால் திட்டு அவர்களுக்கு. உண்மையில் பணத்தில் பெரும்பகுதி கவுன்டிக்குப் போகும். மாவட்டத்துக்குச் சுமார் பத்தில் ஒன்று, எங்களுக்கு அதிலும் சொற்பம்.

2023 நவம்பர்: எடுத்த முடிவு

2023–24க்கு எங்கள் பிரிசெப்ட் 36,000 பவுண்டு, வரித்தளம் 600. ஆகவே டி பேண்டுக்குச் சரியாக 60 பவுண்டு. மின்கட்டணமும் மளிகையும் ஏறியிருந்த வருடம் அது. அடுத்த ஆண்டுக்கும் அதே 36,000 போதும் என்று நவம்பர் கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தோம். டிசம்பர் ஊர்ச் செய்தி மடலில், "பாரிஷ் வரியில் இந்த ஆண்டு ஏற்றம் இல்லை" என்று போட்டோம். அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

டிசம்பர் கடைசியில் மாவட்டத்திலிருந்து கிளார்க்குக்கு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு படிவம். அதில் புதிய வரித்தளம் 566 என்று இருந்தது. தொகையை நிரப்பினால் பக்கத்துக் கட்டத்தில் டி பேண்ட் வரி தானாகவே வந்துவிடும். கிளார்க் 36,000 என்று நிரப்பினார், 63.60 என்று வந்தது, அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கவுன்சில் தீர்மானித்தது தொகையை, அவர் அதைத்தான் செய்தார்.

2024 மார்ச்: பில் வந்தது

இங்கிலாந்துப் பில்லில் ஒவ்வோர் அமைப்பின் பங்கும் போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று எதிரே அச்சிட்டிருக்கும். கவுன்டிக்கு எதிரே 4.99. எங்களுக்கு எதிரே 6.0. பில்லில் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியது, ஏறவில்லை என்று நாங்கள் அறிவித்த வரி.

முதல் போன் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவரிடமிருந்து. கத்தவில்லை. செய்தி மடலையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருப்பதாகச் சொல்லி, "இதில் எது பொய்?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அதே படத்தைப் பகிர்ந்திருந்தார்கள். தொகையைப் பார்த்தால் வருடத்துக்கு 3 பவுண்டு 60 பென்ஸ்தான். ஏ பேண்ட் வீட்டுக்கு 2.40. அந்த ஆண்டு இங்கிலாந்தின் சராசரி டி பேண்ட் பில் 2,171 பவுண்டு. ஆனால் யாரும் மூன்று பவுண்டுக்காகக் கோபப்படவில்லை, அச்சில் வந்த வாக்கியத்துக்காகக் கோபப்பட்டார்கள். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

இன்னொரு கேள்வியும் கிளம்பியது. பக்கத்து ஊர்ப் பாரிஷ் 45,000 பவுண்டு கேட்கிறது, எங்களைவிட அதிகம். ஆனால் அங்கே டி பேண்டுக்கு 30 பவுண்டுதான். அந்த ஊரின் வரித்தளம் 1,500. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சிற்றூரில் கவுன்சிலே இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை ஊர்க்கூட்டம் மட்டும் நடக்கும். அங்கே பூஜ்யம். ஒரே மாவட்டம், ஒரே பேண்ட், மூன்று விதமான வரி. இதைப் 'பாகுபாடு' என்று ஒருவர் எழுதினார். இல்லை, வகுத்தல் கணக்கு. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு.

தேடிப் பார்த்ததில் தெரிந்தவை

ஊரில் ஒரு வீடும் இடியவில்லை. அப்படியிருக்க 34 வீடு எங்கே போயிற்று? மாவட்ட நிதி அலுவலரிடம் கேட்டோம். மூன்று நாளில் தெளிவான பதில் வந்தது.

22 என்பது போன வருடத்து உத்தேசம். ஊர் எல்லையில் வரவிருந்த புதுக் குடியிருப்பு அந்த ஆண்டுக்குள் முடியும் என்று சேர்த்திருந்தார்கள். கட்டுமானம் நின்றுபோனது, அதனால் திரும்பக் கழித்தார்கள். அதாவது முந்தைய ஆண்டு 60 பவுண்டு என்று வந்ததே இல்லாத வீடுகளின் தயவில்.

8 என்பது வரிச் சலுகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013க்கு முன் வசதியற்றவர்களின் கவுன்சில் டாக்ஸை மத்திய அரசு உதவித்தொகையாகக் கொடுத்தது. பில் முழுதாகவே வசூலானதாகக் கணக்கு, வரித்தளம் குறையாது. 2013 ஏப்ரலிலிருந்து அதை நிறுத்தி, உள்ளூர்க் கவுன்சில் கொடுக்கும் தள்ளுபடியாக மாற்றினார்கள். தள்ளுபடி வரித்தளத்தைச் சுருக்கும். எங்கள் ஊருக்கு அருகே காய்கறி பொதிகட்டும் ஒரு கூடம் மூடப்பட்டு, சில குடும்பங்கள் சலுகைக்கு விண்ணப்பித்திருந்தன. ஊரில் வேலை போனால், வேலை போகாதவர்களுக்குப் பாரிஷ் வரி விகிதம் ஏறுகிறது. பெரிய நகரத்தில் இது கரைந்துபோகும். 600 வீட்டுக் கணக்கில் எட்டு வீடு கண்ணில் குத்துகிறது. ஏழை ஊர்கள்தான் இதில் அதிகம் அடிபடும். லண்டனில் உட்கார்ந்து இதை வரைந்தவர்கள் பாரிஷ்களை நினைத்துப் பார்த்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

மிச்சம் 4, தனியாள் தள்ளுபடிகளும் ஆளில்லாமல் விலக்குப் பெற்ற இரண்டு வீடுகளும்.

ஏற்றம் இல்லை என்ற வாக்கைக் காப்பாற்ற நாங்கள் கேட்டிருக்க வேண்டியது 566 × 60, அதாவது 33,960 பவுண்டு. 2,040 பவுண்டைக் குறைத்திருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு எங்களிடம் இருந்தது. தெரிந்திருந்தால் செய்திருக்கலாம்.

என்ன செய்தோம், ஏன்

மூன்று யோசனைகள் வந்தன.

முதலாவது, பில்லைத் திருத்தச் சொல்வது. அதற்கு வழியில்லை. பிரிசெப்ட் போய், மாவட்டம் வரியை நிர்ணயித்து, பில்கள் அச்சாகிவிட்டன. கணக்கிலும் பிழை கிடையாது.

இரண்டாவது, அதிகமாக வந்ததை வேறு வழியில் ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது. அதிகமாக எதுவும் வரவில்லையே! கேட்ட 36,000தான் வந்தது, இரண்டு தவணைகளில். குறைந்த வீடுகள் அதே தொகையைப் பங்கு போட்டுக்கொண்டன, அவ்வளவுதான். இதை நிதிக் குழுவுக்குள்ளேயே இருமுறை விளக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, மாவட்டம் எண்ணை மாற்றிவிட்டது என்று அறிக்கை விடுவது. இதற்கு ஆதரவு இருந்தது. மாவட்டத்தைத் திட்டினால் ஊரில் யாரும் மறுக்கப்போவதில்லை. தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. எண் டிசம்பரிலேயே நம் கைக்கு வந்துவிட்டது என்றார். நானும் அவர் பக்கம் நின்றேன், எழுதியவன் நான் என்பதாலும்.

ஆண்டுதோறும் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் நடுவில் பாரிஷ் வாக்காளர்கள் எல்லோரும் வரக்கூடிய பொதுக்கூட்டம் ஒன்றைச் சட்டப்படி நடத்த வேண்டும். வழக்கமாக ஏழெட்டுப் பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். அந்த மே மாதம் அறுபது பேர் வந்தார்கள். ஸ்லைடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய வெள்ளைத் தாளில் 36,000 ÷ 600, கீழே 36,000 ÷ 566 என்று எழுதினேன். செய்தி மடல் வாசகம் தவறு என்றும் அது என் தவறு என்றும் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஓடியது. பாதிக்கு மேல் மருத்துவமனை, சாலைக் குழிகள் என்று எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள்.

ஒரு மூதாட்டி எழுந்து, "எனக்குத் தனியாள் தள்ளுபடி கிடைக்கிறது. அந்தக் கால்வாசியை இங்கே இருப்பவர்கள்தான் கட்டுகிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கூடம் ஒரு நொடி அமைதியானது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "கவலைப்படாதீர்கள், அதற்கு என் பங்கு ஒன்றரைப் பென்ஸ்தான்" என்றார். சிரிப்பு வந்தது. கணக்கும் கிட்டத்தட்ட சரிதான், பிறகு போட்டுப் பார்த்தேன்.

2025–26: எதிர்த்திசையில் ஒரு சோதனை

நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தை வரைவாக மட்டும் பேசினோம். தொகையை முடிவு செய்வதை, வரித்தளம் வந்த பிறகு ஜனவரிக்குத் தள்ளினோம். மாவட்டத்தின் கெடு ஜனவரி இறுதி, ஆகவே இடம் இருந்தது. நவம்பரிலேயே முடிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, பழக்கம்தான்.

இந்த முறை வரித்தளம் 615. புதுக் குடியிருப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது. இப்போது ஆசை வேறு விதம். 63.60ஐ அப்படியே வைத்தால் 39,114 பவுண்டு கிடைக்கும். பில்லில் ஏற்றம் பூஜ்யம் என்று காட்டும், கையில் 3,114 அதிகம், யாரும் கேட்க மாட்டார்கள். பாரிஷ்களுக்கு, கவுன்டிக்கும் மாவட்டத்துக்கும் இருப்பதுபோல, இவ்வளவுக்கு மேல் ஏற்றினால் மக்கள் வாக்கெடுப்பு என்ற வரம்பும் இதுவரை வைக்கப்படவில்லை. மூன்று உறுப்பினர்கள் அதையே சொன்னார்கள். புது வீடுகள் வந்தால் செலவும் வரும், எடுத்து வைப்போம் என்பது வாதம். தவறான வாதம் அல்ல.

ஆனால் அந்தப் புதுக் குடியிருப்பில் புல் வெட்டுவதும் உள்தெரு விளக்கும் எங்கள் வேலை இல்லை. அவற்றைப் பராமரிக்க ஒரு நிர்வாகக் கம்பெனி வருடா வருடம் தனிக் கட்டணம் வாங்குகிறது. அங்கே குடிவந்தவர்கள் அதையும் கட்டி, முழுக் கவுன்சில் டாக்ஸும் கட்டுகிறார்கள். அவர்களிடமிருந்து மூவாயிரம் எடுத்து வங்கியில் போடுவது எனக்கு உறுத்தியது. நீண்ட விவாதத்துக்குப் பின் விளையாட்டுத் திடலின் ரப்பர் தரை மாற்றத்துக்கு மட்டும் 1,500 கூட்டி, 37,500 கேட்பது என்று முடிவானது. ஐந்துக்கு மூன்று, ஒருவர் வரவில்லை. டி பேண்ட் 60.98. பில்லில் 4.1 சதவீதக் குறைவு, நாங்கள் கேட்ட தொகை கூடியிருந்தபோதும்.

செய்தி மடலில் இம்முறை மூன்று எண்களையும் போட்டோம்: தொகை, வரித்தளம், டி பேண்ட். "தொகை கூடியிருக்கிறது, உங்கள் பங்கு குறைந்திருக்கிறது" என்று ஒரு வாக்கியம். அச்சுக்குப் போகுமுன் பஸ் டிரைவரிடம் படித்துக் காட்டினோம். ஒரு காற்புள்ளியை மாற்றச் சொன்னார்.

தீராமல் நிற்பது

மே கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. மாவட்டத் தலைமையிட நகரத்தில் பாரிஷ் கவுன்சில் இல்லை. அங்குள்ள பூங்காக்களை மாவட்டமே பராமரித்து, செலவை மாவட்டம் முழுவதும் பரப்புகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் திடலுக்குப் பாரிஷ் வழியாகக் கட்டுகிறார்கள், நகரத்துப் பூங்காவுக்கு மாவட்டம் வழியாகவும் கட்டுகிறார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. வேறு இடங்களில் பாரிஷ் செய்யும் வேலையை மாவட்டம் ஒரு பகுதிக்கு மட்டும் செய்தால், அது அந்தப் பகுதியின் தனிச்செலவு, அங்குள்ளவர்களே கட்ட வேண்டும். ஆனால் மாவட்டம் மாற்றுத் தீர்மானம் போட்டால் அது பொருந்தாது. எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு பழைய தீர்மானம் நடப்பில் இருக்கிறது.

கடிதம் எழுதினோம். மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. கிராமத்து வரியைச் சில பவுண்டு இறக்கினால் நகரத்து வரி அதற்கு ஏற்ப ஏறும். நகரத்தில் வாக்குகள் அதிகம். எனவே எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. நம் பக்கத்து வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு: சனிக்கிழமை ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த நகரத்துப் பூங்காவில்தான் இருக்கிறார்கள்.

மீண்டும் செய்தால்

வரித்தள மின்னஞ்சல் இப்போது கிளார்க்கோடு தலைவருக்கும் எனக்கும் வருகிறது. ஜனவரிக் கூட்டத் தாளின் முதல் பக்கத்தில் தொகைக்கு முன்பாக டி பேண்ட் எண் இருக்கிறது. உத்தேச வீடுகள் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொரு டிசம்பரிலும் எழுதிக் கேட்கிறோம். அதை 2022இலேயே கேட்டிருந்தால் 60 பவுண்டு என்பது தங்காத எண் என்று அப்போதே தெரிந்திருக்கும், ஒரேயடியாக ஆறு சதவீதம் வந்திருக்காது. பொதுக்கூட்டத்தை இன்னும் முன்னால், மார்ச் முதல் வாரத்திலேயே, பில் வீடுகளுக்குப் போகும் நேரத்தில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மண்டபம் அந்த வாரம் எப்போதும் பூச்செடி விற்பனைக்குப் பதிவாகியிருக்கிறது. அதை நகர்த்துவது தனிச்செலவுத் தீர்மானத்தை நகர்த்துவதைவிடக் கடினமாக இருக்கும்போலத் தெரிகிறது.